கையில் காசு இருக்கும்போதே முடிவெடுங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிக்கொள்கிறேன். விழுப்புரம் பக்கம் 30 வருடத்துக்கு மேலாக இயங்கும் ஒரு டிரஸ்ட். நிறுவனர் வயதாகி ஒதுங்கிக்கொள்ள, பொறுப்பு உங்கள் தலையில் வந்திருக்கிறது. மாலை நேரப் பள்ளிகள், பெண்கள் குழுக்கள், ஒரு சிறிய குழந்தைகள் இல்லம். 38 பேர் சம்பளம் வாங்குகிறார்கள். பணத்தில் பாதி ஜெர்மன் டோனருடையது, மீதியில் பெரும்பகுதி ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று சட்டப்படி ஒதுக்குகிற பணம். வெளிநாட்டு நன்கொடை வாங்கத் தேவையான எஃப்சிஆர்ஏ பதிவு இன்னும் 8 மாதத்தில் முடிகிறது, கம்பெனிக்காரர்கள் "மார்ச்சுக்கு அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்கள், நிறுவனரோ "நாங்கள் பார்க்காததா, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார். நடுவில் ஒரு கன்சல்டன்ட் போன் செய்து, புதுப்பித்தலை நான் முடித்துத் தருகிறேன், கொஞ்சம் செலவாகும் என்கிறார். இந்த நிலையில் தலைமை என்றால் என்ன, எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள்.

இந்த மாதிரி அமைப்புகளின் கணக்கையும் நிர்வாகத்தையும் பல காலமாகப் பக்கத்தில் இருந்து பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பணம் நின்றதால் அசிங்கப்பட்ட அமைப்புகளைவிட, பணம் நிற்கப்போகிறது என்று தெரிந்தும் முடிவைத் தள்ளிப்போட்டதால் அசிங்கப்பட்டவைதான் அதிகம். ஆறு மாதச் சம்பளம் கையில் இருக்கும்போது எடுக்கிற முடிவில் மரியாதை இருக்கும்: நோட்டீஸ் கொடுக்கலாம், வேறு வேலைக்குச் சொல்லிவிடலாம், பிள்ளைகளைப் பத்திரமாக இன்னொரு இடத்தில் சேர்க்கலாம். மூன்று வாரச் சம்பளம்தான் மிச்சம் என்ற நிலையில் எடுக்கிற அதே முடிவில் பூட்டுப் போடுவது மட்டும்தான் முடியும்.

முதலில் எஃப்சிஆர்ஏ, ஏனென்றால் அதற்குத்தான் தேதி இருக்கிறது. பதிவு 5 வருடத்துக்குச் செல்லும். காலாவதிக்கு முந்தைய 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதிலும் குறைந்தது 4 மாதம் முன்னதாகவே போடுங்கள் என்று உள்துறை அமைச்சகம் 2025 ஏப்ரலில் அறிவித்தது. அப்படியானால் உங்களுக்கு இருப்பது 8 மாதம் அல்ல. இரண்டு மாதத்தில் விண்ணப்பிக்கும் காலம் தொடங்கும், அடுத்த இரண்டு மாதத்துக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 அன்று ஒரே நாளில் 6000-க்குச் சற்றுக் குறைவான அமைப்புகளின் பதிவு இல்லாமல் போனது ஞாபகம் இருக்கும். அரசு மறுத்தது அதில் 200-கூட இல்லை, மற்றவை விண்ணப்பிக்காமலே விட்டவை. செய்திகளில் பெரிதாக வந்தது என்னவோ அன்னை தெரசாவின் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டிக்கு 2021 கிறிஸ்துமஸ் அன்று மறுத்து, ஜனவரி முதல் வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்த கதைதான். அவ்வளவு பெயர் உள்ள அமைப்புக்கே அப்படி என்றால் நமக்கு என்ன என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் வேண்டாம், நம்மை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று இருந்துவிடவும் வேண்டாம்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். எஃப்சிஆர்ஏ போர்ட்டலில் உங்கள் டிரஸ்டின் லாகின் எந்த ஈமெயிலில், எந்த மொபைல் நம்பரில் இருக்கிறது என்று பாருங்கள். பாதி அமைப்புகளில் அது எப்போதோ வேலையை விட்டுப்போன அக்கவுண்டன்டின் நம்பராக இருக்கும். ஓடிபி அவருக்குப் போகும், அவர் திருப்பூரில் ஏதாவது பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார், மதியம் சாப்பாட்டு நேரத்தில்தான் போனை எடுப்பார். அடுத்து, நிறுவனர் விலகி நீங்கள் வந்ததை அரசுக்குத் தெரிவித்தாகிவிட்டதா? முக்கிய நிர்வாகிகள் மாறினால் எஃப்சி-6இ படிவத்தில் 45 நாளுக்குள் சொல்ல வேண்டும். வருடாந்திரக் கணக்கு அறிக்கையான எஃப்சி-4, பணம் வராத வருடம் இருந்தால் அதற்கும் சேர்த்து, போயிருக்க வேண்டும். தர்பண் ஐடி (தொண்டு நிறுவனங்களுக்கு அரசு போர்ட்டல் தரும் எண்), எல்லா டிரஸ்டிகளின் ஆதார், வெளிநாட்டுப் பணம் வந்திறங்கும் டெல்லி நாடாளுமன்றத் தெரு எஸ்பிஐ கிளைக் கணக்கு எல்லாவற்றிலும் டிரஸ்டின் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் தலைமைப் பொறுப்பில் பாதி இந்த வகை வேலை.

இங்கே பலருக்குத் தோன்றும் ஒரு யோசனை, காலாவதிக்கு முன்னாலேயே டோனரிடம் சொல்லி அடுத்த தவணையையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்வோம் என்பது. வேண்டாம். பதிவு முடிந்துவிட்டால் புதிதாக வாங்க முடியாது என்பதோடு, கணக்கில் இருப்பதைச் செலவழிக்கவும் முடியாது. ரத்தானால் இன்னும் மோசம், மிச்சப் பணமும் அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தும் அரசு நியமிக்கும் அதிகாரியிடம் போய்விடும். இடைநீக்கம் என்றால்கூட, செலவாகாத பணத்தில் 25% வரைதான், அதுவும் முன் அனுமதி வாங்கி. ஆகவே காலாவதி தேதியன்று அந்தக் கணக்கில் பெரிய தொகை தூங்காதபடி செலவைத் திட்டமிடுங்கள். ஜெர்மன் டோனருக்கு இதை மறைக்காமல் இப்போதே எழுதுங்கள். அவர்களுக்கு இந்தியச் சட்டம் புதிதல்ல. 2020 செப்டம்பர் திருத்தத்தில் நிர்வாகச் செலவு வரம்பு 50%-இலிருந்து 20%-ஆகக் குறைந்தது, ஒரு அமைப்பு இன்னொரு அமைப்புக்கு அந்தப் பணத்தை மாற்றிக்கொடுப்பது அடியோடு நின்றது. அதையெல்லாம் அவர்களும் பார்த்துவிட்டார்கள். அவர்கள் கேட்பதற்கு முன் நீங்கள் சொன்னால் ‘நோ காஸ்ட் எக்ஸ்டென்ஷன்’, அதாவது கூடுதல் பணமில்லாமல் திட்டக் காலத்துக்கு நீட்டிப்பு, கிடைக்கும். அவர்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் விளக்கக் கடிதம்தான் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, இப்போது பணம். பாஸ்புக்கைப் பார்த்து தைரியம் கொள்ளாதீர்கள். ஒரு உதாரணம் போடுகிறேன். எல்லாக் கணக்கிலும் சேர்த்து 64 லட்சம் இருக்கிறது, சம்பளம் மாதம் 7.2 லட்சம். பார்த்தால் எட்டு ஒன்பது மாதம் ஓட்டலாம் போலத் தெரியும். ஆனால் அந்த 64-இல் 41 லட்சம் ஜெர்மன் திட்டத்துக்கானது, 15 லட்சம் மார்ச்சுக்குள் பள்ளிக் கழிப்பறை கட்டி முடிக்கச் சிஎஸ்ஆர் கொடுத்தது. மிச்சம் 8. அதில் கட்ட வேண்டிய பிஎஃப், டிடிஎஸ், கடைப் பாக்கி என்று ஒன்றரை லட்சம் போகும். ஆக, யாரையும் கேட்காமல் நீங்கள் தொடக்கூடிய பணம் ஆறரை லட்சம், ஒரு மாதச் சம்பளத்துக்குக்கூடப் போதாது. இதைத்தான் ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். மேலே வரிசையாக அடுத்த 18 மாதம், பக்கவாட்டில் ஒவ்வொரு நிதியும். கையில் இருந்து நம் இஷ்டத்துக்குச் செலவழிக்கக்கூடியது ஒரு நிறம், கையில் இருந்தும் கட்டுப்பட்டது ஒரு நிறம், வாய்வார்த்தையாக மட்டும் இருப்பது இன்னொரு நிறம். மூன்றாவது நிறத்தை வருமானமாகக் கூட்டாதீர்கள். "கண்டிப்பாகத் தருவோம் சார்" என்று சொன்ன சிஎஸ்ஆர் மேனேஜர் ஏப்ரலில் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

அந்தத் தாளில் எழுத மறக்கிற இன்னொரு வரி, வேலையை விட்டுப் போகும்போது கொடுக்க வேண்டிய கிராஜுவிட்டி. முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். 22 வருடமாக உங்களிடம் களப்பணி செய்கிற அம்மாவின் அடிப்படைச் சம்பளம் 18,000 என்றால், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் அவருக்கு மட்டுமே சுமார் 2.28 லட்சம் வருகிறது. நம் அமைப்புகள் பலவற்றில் இதற்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்காது. பட்ஜெட்டில் டோனர் அந்த வரியை அடித்தார், நாமும் விட்டுவிட்டோம் என்பார்கள். சேவை செய்ய வந்தவர்கள் கேட்கமாட்டார்கள் என்ற நினைப்பும் உள்ளே இருக்கும், அதை நான் மன்னிக்கமாட்டேன். எல்ஐசியின் குரூப் கிராஜுவிட்டி மாதிரி ஏதாவது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

நெருக்கடி வரும்போது அக்கவுண்டன்ட் உங்கள் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தி ஒன்று சொல்வார்: "ஒரே ஒரு வாரத்துக்கு எஃப்சி கணக்கில இருந்து எடுத்துச் சம்பளம் போட்டுடலாம், சிஎஸ்ஆர் வந்ததும் திருப்பிடலாம்." கெட்ட எண்ணத்தில் சொல்லமாட்டார், தீபாவளி நேரமாக இருக்கும், 38 பேர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் வெளிநாட்டுப் பணத்தை உள்ளூர்க் கணக்கோடு கலப்பது, கடனாகவே இருந்தாலும், சட்டமீறல். திருப்பிப் போட்ட என்ட்ரியே ஆதாரமாக நிற்கும். அதற்குப் பதில் பட்ஜெட்டை எடுத்துத் திரும்பப் படியுங்கள். 20% வரம்புக்குள் வருவது அலுவலக நிர்வாகம்தான், நேரடியாகப் பாடம் நடத்துகிற ஆசிரியர், பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் அதில் சேராது. அவர்களை நிர்வாகச் செலவில் காட்டிவிட்டுத் திணறுகிற அமைப்புகள் உண்டு. டோனரின் சம்மதத்தோடு செலவுத் தலைப்பை மாற்ற முடிகிறதா என்று ஆடிட்டரை உட்காரவைத்துப் பாருங்கள்.

டிரஸ்ட் என்றால் வருகிற எல்லாவற்றையும் செலவழித்துவிட வேண்டும், சேர்த்து வைக்கக்கூடாது என்று ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. வருமான வரிச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வருமானத்தில் 85% அறப்பணிக்குச் செலவாக வேண்டும், 15% வரை நிபந்தனை இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேலும் குறிப்பிட்ட நோக்கத்துக்காக 5 வருடம் வரை சேர்க்க உரிய படிவம் கொடுத்தால் போதும். 30 வருடம் ஓடிய டிரஸ்டில் உள்ளூர் நன்கொடையில் ஆண்டுக்குக் கொஞ்சம் ஒதுக்கியிருந்தாலே இன்று நாலைந்து மாதச் சம்பளம் இருந்திருக்கும். போனது போகட்டும், இந்த வருடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

சிஎஸ்ஆர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றிரண்டு விஷயம் போதும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2% செலவழிக்க வேண்டும். ஒரு வருடம் லாபம் குறைந்தால் அந்தத் தொகை சட்டென்று பாதியாகாது, மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே "இந்த வருடம் பிசினஸ் டல்" என்று சொல்லி முழுசாக நிறுத்துகிறார்கள் என்றால், பெரும்பாலும் அவர்கள் விருப்பம் மாறிவிட்டது என்று அர்த்தம்: சொந்த ஃபவுண்டேஷன் தொடங்கியிருப்பார்கள், அல்லது ஆலை இருக்கிற பக்கத்துக்கே கொண்டுபோகிறார்கள். காரணத்தை நேராகக் கேளுங்கள், மனத்தாங்கல் இல்லாமல். இன்னொன்று, தொடர் திட்டமாக இல்லாத செலவில் மிச்சம் விழுந்தால் அதை அரசு நிதிகளுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால், ஜனவரி பிப்ரவரியில் பல கம்பெனிகள் இடம் தேடும். சிஎஸ்ஆர் பணம் வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு, நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி, இரண்டு பக்கக் கருத்துரு, தெளிவான பட்ஜெட் எல்லாம் தயாராக வைத்திருக்கிறவருக்குத்தான் அந்த நேரத்து போன் பயன்படும்.

ஆனால் வருகிற எல்லா போனுக்கும் தலையாட்டாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பணம் கொட்டியபோது, கல்வி வேலை செய்துகொண்டிருந்தவர்கள் படகு வாங்கிக் கொடுக்கப் போனார்கள், வீடு கட்டப் போனார்கள், ஜீப்பும் ஆளும் பெருகின. பணம் வடிந்தபோது பழைய வேலையும் கையில் இல்லை. அதே நாகையில்தான் தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு ஒருங்கிணைப்பு மையம் வைத்து, எந்தக் கிராமத்தில் யார், எங்கே விடுபட்டிருக்கிறது என்று அரசோடு உட்கார்ந்து பிரித்துக்கொண்டதும் நடந்தது. நமக்குத் தேவை அந்தப் பழக்கம். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திண்டிவனம் பக்கம் உங்களைப் போலவே தவிக்கிற ஐந்தாறு அமைப்புகள் இருப்பார்கள். அவர்கள் உங்களுக்குப் போட்டி என்று நிறுவனர் காலத்தில் நினைத்திருக்கலாம், இப்போது அவர்களோடு டீ சாப்பிடுங்கள்.

கூட்டங்களில் யாராவது எழுந்து "அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள்" என்பார்கள். உண்மைதான், 1976-இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கியது, கட்டணம் கொடுப்பவர்களின் பணத்திலேயே கொடுக்க முடியாதவர்களுக்கும் சிகிச்சை, 1992-இல் ஆரோலேப் தொடங்கி கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் தாங்களே செய்தார்கள். ஆனால் விற்பதற்கு அவர்களிடம் ஒரு அறுவைசிகிச்சை இருந்தது. செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிற உங்களிடம் விற்பதற்கு என்ன இருக்கிறது? பினாயிலும் ஊறுகாயும் செய்து டிரஸ்டைக் காப்பாற்றலாம் என்று இறங்கியவர்கள், கடைசியில் பினாயில் கடனையும் சேர்த்துச் சுமந்தார்கள். உங்கள் வேலைக்கு எப்போதும் யாராவது கொடுக்கத்தான் வேண்டும். ஒருவர் பாதிப் பணம் கொடுப்பதற்குப் பதில், மாதம் 500, 1000 என்று கொடுக்கிற உள்ளூர்க்காரர்களும் உங்கள் மாலைப் பள்ளியில் படித்து இன்று சென்னையில் வேலை பார்ப்பவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர வேண்டும். மெதுவான வேலை, இந்த 8 மாதத்தைக் காப்பாற்றாது, ஆனால் கட்டுப்பாடில்லாத பணம் அங்கிருந்துதான் வரும்.

பணியாளர்கள். இதில்தான் நீங்கள் தயங்குகிறீர்கள் என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது, சொன்னால் நல்லவர்கள் ஓடிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். கம்பெனியிலிருந்து யாரும் மூன்று மாதமாக விசிட் வரவில்லை என்பதை முதலில் கவனித்தது டிரைவர்தான். நீங்கள் சொல்லாத இடத்தை வதந்தி நிரப்பும், அது எப்போதும் உண்மையைவிட மோசமாக இருக்கும். எல்லோரையும் கூப்பிட்டு அந்தத் தாளைக் காட்டுங்கள், எண்களோடு. எந்தத் தேதியில் எது தெரியவரும், இன்ன தேதிக்குள் பணம் வராவிட்டால் இன்னது நிற்கும் என்று சொல்லுங்கள். "யாரையும் அனுப்பமாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த வாக்கு உங்கள் கையில் இல்லை. சம்பளம் குறைக்க வேண்டி வந்தால் மேலிருந்து தொடங்குங்கள். நீங்கள் 40%, கோ-ஆர்டினேட்டர்கள் 20%, 12,000 வாங்குகிறவரிடம் கை வைக்காதீர்கள். எல்லோருக்கும் சமமாக 15% வெட்டு என்பது பார்க்க நியாயம் மாதிரி இருக்கும், ஆனால் 12,000-இல் 1,800 போவது வீட்டு வாடகையில் போய் இடிக்கும்.

அடுத்து எதை நிறுத்துவது. வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது நாளையே நின்றால் யாருக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். குழந்தைகள் இல்லம் நின்றால் பிள்ளைகள் தெருவில். பயிலரங்கு நின்றால் ஒரு ஃபிளக்ஸ் பேனர் மிச்சம். மாலைப் பள்ளி இரண்டுக்கும் நடுவில். 2025 ஜனவரி 20-ஆம் தேதி அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைத்தபோது, ஹைதராபாத்தில் திருநங்கையருக்கென்று இயங்கிய மித்ர் கிளினிக் அந்த மாதமே மூடியது. எச்ஐவி சிகிச்சைக்கு அங்கே வந்துகொண்டிருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. மாத்திரை, சோறு, தங்குமிடம் சம்பந்தப்பட்ட எதையும் ஒரே நிதியில் தொங்கவிடக்கூடாது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். உதாரணத்தில் பார்த்த ஆறரை லட்சம் மாதிரி, உங்கள் கையில் கட்டுப்பாடில்லாமல் இருக்கிற பணம் முதலில் இல்லத்துக்கு. அதையும் தாங்க முடியாது என்று தெரிந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் மாதக்கணக்கில் முன்னதாகச் சொல்லி, அவர்கள் உத்தரவோடு பிள்ளைகளை மாற்றுங்கள். மாலைப் பள்ளிகளில் சிலவற்றை அந்த ஐந்தாறு அமைப்புகளில் ஒன்று எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். எஃப்சி பணத்தைத்தான் கைமாற்றக்கூடாது, ஆசிரியரையும் பிள்ளைகளையும் ஊர்க்காரர்களின் நம்பிக்கையையும் ஒப்படைக்கத் தடை இல்லை.

நிறுவனரை என்ன செய்வது என்பது சங்கடமான கேள்வி. அவர் எமர்ஜென்சியைப் பார்த்தவராக இருக்கலாம், சைக்கிளில் ஊர் ஊராகப் போனவர், அவருக்கு உண்மையிலேயே எல்லாம் சரியாகித்தான் இருக்கிறது. அவரோடு தனியாக வாதாடாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். டிரஸ்டிகள் கூட்டத்தைக் கூட்டுங்கள், முறைப்படி நோட்டீஸ் கொடுத்து. ரிடையர்டு பேங்க் மேனேஜர், நிறுவனரின் மைத்துனர், வருடத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட வருகிற டாக்டர் என்று இருப்பார்கள். அந்தத் தாளை அவர்கள் முன்னால் வைத்து, டிரஸ்டி என்பவர் சட்டப்படி பொறுப்பாளி என்பதை மெதுவாக ஞாபகப்படுத்துங்கள். பேங்க் மேனேஜர் நிமிர்ந்து உட்காருவார். எந்தத் தேதிக்குள் எவ்வளவு வராவிட்டால் எந்த வேலை நிற்கும் என்பதைத் தீர்மானமாக எழுதி, மினிட்ஸ் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும், அவரும்தான். பிறகு அந்தத் தேதி வரும்போது அது உங்கள் சொந்த முடிவாக இருக்காது. அதே கூட்டத்தில் டிரஸ்ட் டீடில் கலைப்பு பற்றிய பிரிவையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். மூடச் சொல்லவில்லை. ஒருவேளை மூடினால் சொத்து இதே போன்ற பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு 12 மாதத்துக்குள் போகாவிட்டால் பெரிய வரி விழும் என்பதைத் தெரியாமலே பல டிரஸ்டுகள் செயலற்றுக் கிடக்கின்றன.

கடைசியாக அந்தக் கன்சல்டன்ட். படிவம் நிரப்பித் தர, ஆவணம் சரிபார்க்க ஒரு ஆடிட்டருக்கோ வழக்கறிஞருக்கோ ரசீதோடு கட்டணம் கொடுப்பது வேறு. "உள்ளே ஆள் இருக்கிறது" என்கிறவர் வேறு. 2022 மே மாதம் சிபிஐ நாட்டின் பல இடங்களில் சோதனை நடத்தி, எஃப்சிஆர்ஏ அனுமதிக்காக லஞ்சம் என்ற வழக்கில் உள்துறை அமைச்சக ஊழியர்களையும் இடைத்தரகர்களையும் தொண்டு நிறுவனப் பிரதிநிதிகளையும் கைது செய்தது. அந்தப் பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? அவர் இனி போன் செய்தால் வேண்டாம் என்று சொல்லி அதை ஒரு மெயிலிலும் எழுதிவிடுங்கள். விண்ணப்பம் போட்ட பிறகு போர்ட்டலைத் தினமும் காலையில் திறந்து பாருங்கள், ஏதாவது விளக்கம் கேட்டு வந்தால் உடனே பதில் போடுங்கள், எல்லாவற்றுக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். லாகினை மட்டும் முதலில் அந்தத் திருப்பூர்க்காரரிடமிருந்து வாங்கிவிடுங்கள்.